சன்ரூஃபா, கர்ட்டன் ஏர்பேக்கா? பக்கவாட்டில் இடித்தால் என்ன ஆகும்?

மலைக்கோட்டை எழுதியது:

வணக்கம். திருச்சியில் இருக்கிறோம், வீட்டில் ஐந்து பேர். செகண்ட் ஹேண்டில் கார் தேடி இரண்டு வண்டியில் வந்து நிற்கிறேன். விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் வண்டியில் சன்ரூஃப், பெரிய திரை, அலாய் வீல் எல்லாம் உண்டு. ஏர்பேக் மட்டும் முன்னால் இரண்டோடு சரி. இரண்டாவது வண்டி பார்வைக்குச் சாதாரணம், ஆனால் ஆறு ஏர்பேக். பிள்ளைகள் சன்ரூஃப் பக்கம்.

எனக்கு இரண்டாவது வண்டி மேல் மனம் போவதற்குக் காரணம் உண்டு. போன தை மாதம் சித்தப்பாவும் சித்தியும் பைபாஸில் ஊர்ப்பக்கம் திரும்புவதற்காக மீடியன் இடைவெளியில் வலதுபக்கம் வளைத்திருக்கிறார்கள். எதிர்த்தடத்தில் வந்த வேன் நேராக இடதுபக்கக் கதவில் இடித்துவிட்டது. சித்தி இடதுபக்கம் உட்கார்ந்திருந்தார். இடுப்பெலும்பு முறிந்து, விலா எலும்பு மூன்று போய், இன்றைக்கும் வாக்கர் வைத்துத்தான் நடக்கிறார். சித்தப்பாவுக்குத் தோளில் சிராய்ப்பு மட்டும். வண்டியின் பானெட்டில் ஒரு கீறல் கிடையாது. முன்னால் இருந்த இரண்டு ஏர்பேக்கும் திறக்கவே இல்லை.

"ஏர்பேக் இருந்தும் ஏன் திறக்கவில்லை?" என்று குடும்பத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரூர்பைபாஸ் எழுதியது:

சித்தி சீக்கிரம் குணமாகட்டும் நண்பா. ஏர்பேக் திறக்கவில்லை என்றால் அது கம்பெனியின் தவறுதானே? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே?

ஒரகடம்வாசி எழுதியது:

தம்பி, சீட் பெல்ட், ஏர்பேக் சோதனை வேலையில் பல வருடம் இருப்பவன் நான். சித்திக்கு நடந்ததைப் படித்து மனசு கஷ்டமாக இருந்தது. கோர்ட் யோசனைக்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த இரண்டு ஏர்பேக்கும் திறக்காததைப் பழுது என்று சொல்ல முடியாது. அவை முன்பக்க மோதலுக்கானவை. வண்டி முன்னோக்கிப் போகும் வேகம் திடீரென்று அறுந்தால்தான் கன்ட்ரோல் யூனிட் அவற்றைத் திறக்கச் சொல்லும். பக்கவாட்டில் இடித்தால் உடம்பு கதவை நோக்கிப் போகிறது. அப்போது ஸ்டியரிங்கிலும் டேஷ்போர்டிலும் பை விரிந்து சித்திக்கு எந்த உதவியும் கிடைத்திருக்காது.

பக்கவாட்டு மோதல் ஏன் இவ்வளவு கொடுமையானது என்பதை உங்கள் வண்டியில் உட்கார்ந்தே பார்க்கலாம். முன்னால் பாருங்கள்: பானெட், அதற்குள் என்ஜின், அப்புறம் டேஷ்போர்டு, அதற்கும் உங்கள் நெஞ்சுக்கும் நடுவே காற்று. நசுங்குவதற்கு என்றே ஒதுக்கிய இடம் அது. இப்போது கதவுக்கும் உங்கள் தோளுக்கும் நடுவே கையை நுழைத்துப் பாருங்கள். ஒரு சாண் இருந்தால் அதிகம். இடிக்கிற வண்டிக்கும் உங்கள் விலா எலும்புக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு சாணும் கதவின் தடிமனும்தான்.

கணக்குப் போடுவோம். மணிக்கு 50 கி.மீ. வேகம் என்றால் ஒரு மில்லிசெகண்டில் சுமார் 14 மி.மீ. கதவு உள்ளே வரும்போது அதே வேகத்தில் வராது, கதவுக்குள் இருக்கும் கம்பியும் பில்லரும் (கதவுகளுக்கு நடுவே கூரையைத் தாங்கும் தூண்) தடுக்கும். ஆனாலும் கையில் இருக்கும் நேரம் ஒன்றிரண்டு டஜன் மில்லிசெகண்டுதான். கண் இமைத்து முடிக்க 100 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். முன்பக்க மோதலில் மோதலை உணரவும் பையை விரிக்கவும் சேர்த்து 30, 40 மில்லிசெகண்ட் வரை எடுத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் மோதல் என்று முடிவெடுக்கவே ஐந்தாறு மில்லிசெகண்டுக்கு மேல் கொடுக்க முடியாது.

அதனால்தான் நிறைய வண்டிகளில் கதவுக்குள்ளேயே காற்றழுத்த சென்சார் வைத்திருப்பார்கள். வெளித்தகடு உள்ளே மடிந்த அந்தக் கணமே கதவுக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம் சட்டென்று ஏறும். வண்டியின் உடல் அசைந்து பில்லரில் இருக்கும் சென்சாருக்குத் தெரிவதற்கு முன்பே இது தெரிந்துவிடும். இதனால் உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. கதவு அட்டையைக் கழற்றிப் பெரிய ஸ்பீக்கர் போடுகிறேன் என்று ஓட்டை வெட்டுவார்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துத் தூக்கிப் போடுவார்கள். காற்று அந்த வழியாக ஒழுகினால் சென்சார் பார்க்க வேண்டிய அழுத்தமே மாறிவிடும். செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் கதவு அட்டையைக் கழற்றியிருக்கிறார்களா என்று அவசியம் பாருங்கள்.

இப்போது அந்த ஆறு. இரண்டு முன்னால். இரண்டு முன் சீட்டின் கதவுப்பக்க விளிம்புக்குள், விலாவுக்கும் இடுப்புக்கும். மீதி இரண்டு கூரை ஓரமாக, முன்கண்ணாடியிலிருந்து பின் சீட் வரைக்கும், தலைக்கு. அதைத்தான் கர்ட்டன் என்கிறோம். சீட் பை மெத்தையாக இருப்பதோடு நிற்பதில்லை. கதவு வந்து சேர்வதற்கு முன்பே விரிந்து ஆளை உள்பக்கமாகத் தள்ளத் தொடங்குகிறது. ஒரே அடியாக வாங்க வேண்டியதைக் கொஞ்சம் முன்கூட்டியே, கொஞ்சம் மெதுவாக வாங்கவைக்கிறது. சித்தியின் இடுப்புக்கும் அந்தக் கதவுக்கும் நடுவே அது இருந்திருக்க வேண்டும்.

எலும்புவைத்தியர் எழுதியது:

ஒரகடம்வாசி சார் சொன்னதோடு என் பக்கத்திலிருந்து கொஞ்சம். எலும்பு முறிவு சிகிச்சைதான் என் தொழில். பக்கவாட்டு மோதலில் வருபவர்களைப் பார்த்தாலே ஒரு வரிசை தெரியும்: தோள், விலா, இடுப்பு, தலை, எல்லாம் ஒரே பக்கம். மோதிய பக்கத்தில் இருந்தவருக்கு இடுப்பு வளையம் பக்கத்திலிருந்து அமுங்கி முறியும்.

நம் நாட்டில் டிரைவர் உட்காருவது வலதுபக்கம். அவர் பக்கக் கதவில் இடி விழுந்தால் வலது விலாவுக்குக் கீழே இருக்கும் கல்லீரல் ஆபத்தில் இருக்கிறது. இடதுபக்கம் உட்கார்ந்தவருக்கு மண்ணீரல். இரண்டுமே ரத்தம் நிறைந்த உறுப்பு. வெளியே காயமே தெரியாது. ஆள் எழுந்து நடப்பார், போனில் பேசுவார், "எனக்கு ஒன்றும் இல்லை" என்பார். சில மணி நேரத்துக்குப் பிறகு வயிறு உப்பி, நாடித்துடிப்பு ஏறி மயங்கி விழுவார். அதனால் தயவுசெய்து, கதவு உள்ளே வந்த விபத்து என்றால் நன்றாக இருப்பவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். "எந்தப் பக்கம் இடித்தது, இவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்" என்று கேஷுவாலிட்டியில் சொல்லுங்கள். அந்த ஒரு வரி எங்களுக்குப் பெரிய உதவி.

பழையவண்டி எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் ஏர்பேக்கை எண்ணி எண்ணி வண்டி வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. முப்பது வருடமாக வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். கதவு பிய்ந்து சீட் வரைக்கும் வந்த வண்டியையும் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி இடி வாங்கி, கதவு பள்ளமானதோடு நின்ற வண்டியையும் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் நடுத்தூணில் இருக்கிறது. தூண் வளைந்து உள்ளே வந்தபிறகு பை விரிந்து யாரைக் காப்பாற்றும்? அதற்கு விரிய இடம் வேண்டாமா? லாரி இடித்தால் அதன் பம்பர் நம் வண்டியின் கதவுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டத்துக்கு மேலே, நேராகக் கதவில்தான் வந்து உட்காரும். அடிச்சட்டம் எவ்வளவு கெட்டியாக இருந்தும் அங்கே பயன் இல்லை.

ஒரகடம்வாசி எழுதியது:

அண்ணே, நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. தூண் நிற்கவில்லை என்றால் பை வீண். ஆனால் தூண் நின்றாலும் தலை கண்ணாடி வழியாக வெளியே போகும், மரத்திலோ கம்பத்திலோ மோதும். அங்கே தூணால் ஒன்றும் செய்ய முடியாது, கர்ட்டன்தான் வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்த கதைதான் இதன் வரலாறு. வால்வோ 1991இல் 850 மாடலில் பக்கவாட்டுப் பாதுகாப்பு அமைப்பைக் கொண்டுவந்தபோது அதில் ஏர்பேக் கிடையாது. இடியின் விசையைத் தூண், அடிச்சட்டம், சீட்டின் குறுக்குக் குழாய், தரையின் நடுவே மேடாக ஓடும் டனல் என்று வண்டியின் அகலம் முழுக்கப் பிரித்துவிடுவதுதான் யோசனை. சீட்டில் பக்கவாட்டுப் பை அதே வண்டிக்கு 1994இல் வந்தது. கர்ட்டன் 1998இல், எஸ்80 மாடலில். முதலில் இரும்பு, அப்புறம்தான் பை. நீங்கள் சொன்ன அதே வரிசை.

லாரி விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் பக்கவாட்டு மோதல் சோதனை, ஏ.ஐ.எஸ். 099 என்ற வாகனத் தரவிதி, புது மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும் எல்லா மாடல்களுக்கும் 2019 அக்டோபரிலும் கட்டாயமானது. 950 கிலோ தள்ளுவண்டி, முன்னால் அலுமினியத் தேன்கூடு, மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நிற்கும் காரின் கதவில் வந்து மோதும். ஐரோப்பாவில் சிறிய கார்கள் ஓடிய காலத்தில் தீர்மானித்த எடை அது. அமெரிக்காவில் காப்பீட்டுக் கம்பெனிகள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.ஐ.எச்.எஸ். 2003இல் தொடங்கும்போதே 1,500 கிலோ வைத்தார்கள், எஸ்யூவி இடிப்பதாக. 2021இல் அதையும் 1,900 கிலோவாகவும் வேகத்தை 50இலிருந்து 60 கி.மீ. ஆகவும் ஏற்றிவிட்டார்கள். எடையை வேகத்தின் வர்க்கத்தோடு பெருக்கிப் பாருங்கள். பழைய சோதனையைவிட 82 சதவீதம் கூடுதல் ஆற்றல். நம் 950 கிலோவோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்று மடங்கு.

ஆக, சட்டப்படி பாஸ் ஆன வண்டி என்பதால் வேன், லாரி இடியைத் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. கார்களை மோதவிட்டு நட்சத்திர மதிப்பெண் கொடுக்கும் நம் நாட்டுத் திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் தள்ளுவண்டி அதேதான். ஆனால் கூடவே கம்பச் சோதனை சேர்த்திருக்கிறார்கள்: 254 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் கம்பத்தில் காரை மணிக்கு 29 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டாக மோதவிடுவது. 29 தானே என்று நினைக்க வேண்டாம். இடி முழுவதும் ஒரு சாண் அகலத்தில், டிரைவரின் தலைக்கு நேராக விழும். கர்ட்டன் இல்லாத வண்டியில், ஆளுக்குப் பதில் உட்காரவைத்த சோதனைப் பொம்மையின் தலை அந்தக் கம்பத்தில்தான் போய் அடிக்கும். அதை மெதுவாக ஓட்டிய வீடியோவில் ஒரு தடவை பார்த்தவர் யாரும் கர்ட்டன் தேவையா என்று கேட்க மாட்டார்.

ஐ.ஐ.எச்.எஸ். விபத்துப் பதிவுகளை வைத்துப் பார்த்ததில், தலையையும் காக்கும் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால், டிரைவர் பக்கம் இடி வாங்கிய கார்களில் டிரைவர் இறக்கும் அபாயம் 37 சதவீதம் குறைகிறது. எஸ்யூவி என்றால் 52 சதவீதம்.

ஆறு ஏர்பேக்கை எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக்க மத்திய அரசு 2022 ஜனவரியில் வரைவு வெளியிட்டது. முதலில் அந்த அக்டோபர் என்றார்கள், அப்புறம் 2023 அக்டோபர் என்றார்கள், கடைசியில் கட்டாயம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். எனக்கு இதில் இன்றும் வருத்தம் உண்டு. சந்தையில் கம்பெனிகளே போட்டிபோட்டுக் கொடுக்கத் தொடங்கியது உண்மை. ஆனால் நீங்கள் இப்போது பார்க்கும் மாதிரி இரண்டு பையோடு விற்ற வண்டிகள் இன்னும் பத்துப் பதினைந்து வருடம் செகண்ட் ஹேண்டில் சுற்றி வரும்.

பழையவண்டி எழுதியது:

கம்பத்து விஷயம் எனக்குப் புதிது. ஏற்றுக்கொள்கிறேன். மலைக்கோட்டை, அந்த ஆறு ஏர்பேக் வண்டியின் நட்சத்திர மதிப்பெண்ணையும் பார்த்துவிடுங்கள். நடுத்தூணில் ஏற்கெனவே வெல்டிங் வேலை நடந்திருக்கிறதா என்று ரப்பர் பீடிங்கை இழுத்துப் பாருங்கள். கம்பெனி வைத்த ஸ்பாட் வெல்டு சின்னச் சின்ன வட்டக் குழியாக, ஒரே இடைவெளியில் இருக்கும். மேலே பட்டி பூசி மழமழவென்று இருந்தால் வண்டியை விட்டுவிடுங்கள்.

பொதிகைஅக்கா எழுதியது:

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். ஆறு ஏர்பேக் என்று பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினோம். வாங்கிய வாரமே தடிமனான ரெக்ஸின் சீட் கவர் போட்டோம். கடைக்காரர் முழு சீட்டையும் சுற்றி இறுக்கித் தைத்துக் கொடுத்தார். எட்டு மாதம் ஓட்டினோம். ஒருநாள் சீட் ஓரத்தில் துணி லேபிள் ஒன்று தட்டுப்பட்டது, கவருக்கு அடியில், விரலால் தடவினால் தெரிகிற மாதிரி. கவரைப் பிரித்துப் பார்த்தால் 'ஏர்பேக்' என்று எழுதியிருக்கிறது. அந்த இடத்தில் கம்பெனியின் தையல் வேறு மாதிரி, லேசான நூலில் இருக்கிறது. பை விரியும்போது பிரிந்துகொள்ள வேண்டிய தையல் அது. அதன் மேல் நாங்கள் இரண்டு அடுக்கு ரெக்ஸினை இறுக்கிக் கட்டி வைத்திருந்தோம்.

அன்றைக்கே கழற்றிவிட்டோம். எட்டு மாதம் என் மகள் அந்த சீட்டில் உட்கார்ந்து காலேஜுக்குப் போய் வந்ததை நினைத்தால் இப்பவும் வயிற்றைப் பிசைகிறது. பக்கவாட்டு ஏர்பேக்குக்கு ஏற்ற கவர் என்றே தனியாக இருக்கிறது, அந்த ஓரம் திறந்தோ பிரியும் தையலோடோ இருக்கும். கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. தரை விரிப்பைக் கழுவுகிறேன் என்று சீட்டை நகர்த்தியபோது அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர் லேசாகத் தளர்ந்து, டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு நிரந்தரமாக எரிய ஆரம்பித்தது. சர்வீஸில் காட்டிச் சரிசெய்தோம். மஞ்சள் ஒயரில் நாமாகக் கைவைக்க வேண்டாம்.

கரூர்பைபாஸ் எழுதியது:

நான் முதலில் தெரியாமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஒரு சந்தேகம். என் மாமனார் பின் சீட்டில் பெல்ட் போடவே மாட்டார். "நேராக இடித்தால் சரி, பக்கத்தில் இடித்தால் பெல்ட் என்ன செய்யும்?" என்கிறார். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

ஒரகடம்வாசி எழுதியது:

நல்ல கேள்வி. மாமனாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். இடி இடதுபக்கம் விழுகிறது, அவர் வலதுபக்கம் உட்கார்ந்திருக்கிறார். வண்டி வலதுபக்கம் தள்ளப்படும், அவர் உடம்பு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். வண்டிக்குள் இருந்து பார்த்தால் அவர் இடதுபக்கம் பறக்கிறார். அங்கே யார் இருக்கிறார்கள்? மாமியாரோ பேரனோ. மாமியார் ஏற்கெனவே ஒருபக்கம் கதவிடம் அடி வாங்குகிறார். அடுத்த கணம் மறுபக்கத்திலிருந்து எழுபது கிலோ அவர் மேல் வந்து விழும்.

பெல்ட் போட்டால் இடுப்புப் பட்டை அவரை சீட்டோடு பிடித்துக்கொள்ளும். தோள்பட்டை முழுமையாகப் பிடிக்காது, உண்மையைச் சொல்ல வேண்டும். வலதுபக்கம் இருப்பவருக்குப் பட்டை வலது தோளிலிருந்து வருகிறது, உடம்பு இடதுபக்கம் சாயும்போது தோள் அதிலிருந்து நழுவும். அந்தக் குறையால்தான் நடுவில் ஒரு பை வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2013 மாடல் எஸ்யூவிகளில் டிரைவர் சீட்டின் உள்பக்கத்திலிருந்து விரியும் பையைக் கொடுத்தது. ஐரோப்பாவில் இதே மாதிரி மதிப்பெண் கொடுக்கும் யூரோ என்கேப் 2020 முதல் மோதலுக்கு எதிர்ப்பக்கம் இருப்பவரையும் சோதித்து மதிப்பெண் போடுகிறது. நம் சோதனைகளில் அது இன்னும் இல்லை.

மோதிய பக்கம் இருப்பவருக்கும் பெல்ட் வேண்டும். பக்கவாட்டில் இடி வாங்கிய வண்டி அதோடு நிற்பதில்லை. சுழலும், மீடியனில் ஏறும், உருளும். கர்ட்டன் பை சில விநாடிகள் காற்று இறங்காமல் தொங்குவது அதற்காகத்தான். பெல்ட் இல்லாத உடம்பு இரண்டாவது, மூன்றாவது இடியில் பை இருக்கும் இடத்திலேயே இருக்காது. இழுவைக் கருவியுள்ள பெல்ட் என்றால் மோதலை உணர்ந்ததும் தளர்வை இழுத்து இறுக்கிக்கொள்ளும். தொளதொளவென்று கிளிப் வைத்துக் கட்டினால் அந்த வேலை நடக்காது.

பொதிகைஅக்கா எழுதியது:

பேரன் என்றதும் கேட்கிறேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கர்ட்டன் ஏர்பேக் இருக்கிற பக்கம் உட்காரலாமா?

ஒரகடம்வாசி எழுதியது:

மடியில் வேண்டவே வேண்டாம் அக்கா. இடி எந்தப் பக்கம் வந்தாலும் கையில் பிடித்து நிறுத்த முடியாது. பின் சீட்டில் குழந்தை சீட் வையுங்கள். ஐரோப்பாவின் ஆர்129 விதியில், 2013 முதல், குழந்தை சீட்டுக்கே பக்கவாட்டுச் சோதனை உண்டு. அந்த முத்திரை இருக்கிறதா பாருங்கள். தலையின் இரண்டு பக்கமும் காது மாதிரி ஆழமாக வளைந்திருக்கும் சீட் நல்லது. பெரிய பிள்ளைகள் தூக்கத்தில் கதவில் தலை சாய்ப்பார்கள், கழுத்துத் தலையணை கொடுத்து நேராக உட்காரவையுங்கள். கைப்பிடியில் கனமான ஹேங்கரோடு சட்டை தொங்கவிட வேண்டாம். கர்ட்டன் விரிகிற வழி அதுதான்.

மலைக்கோட்டை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை அப்படியே போனில் வைத்துக்கொண்டு நேற்று வண்டி பார்க்கப் போனேன். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைகிறதா என்று முதலில் பார்த்தேன், சரியாக அணைந்தது. பட்டறை அண்ணன் சொன்ன மாதிரி இரண்டு பக்கமும் பீடிங்கை இழுத்தேன், வெல்டு புள்ளிகள் வரிசையாக இருந்தன. கதவு அட்டையில் ஸ்பீக்கர் கம்பெனி கொடுத்ததுதான். சீட் கவர் மட்டும் இறுக்கமாகச் சுற்றியிருந்தது, கழற்றினால்தான் எடுப்பேன் என்றேன், அங்கேயே கழற்றினார்கள்.

கழற்றியபோதுதான் தெரிந்தது, பின் சீட்டில் மூன்று பக்கிளும் கவருக்கு அடியில் புதைந்திருக்கிறது. நடு பக்கிளை எடுக்க ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்ப வேண்டியிருந்தது. இத்தனை வருடம் அந்த சீட்டில் ஒருவர்கூட பெல்ட் போட்டதில்லை. மூன்றையும் மாட்டிப் பார்த்தேன், டக்கென்று பிடிக்கிறது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன்.

சித்தியிடம் சொன்னேன். "எந்தப் பக்கம் உட்காரணும்னு மட்டும் சொல்லு" என்றார். எந்தப் பக்கம் என்றாலும் பை இருக்கிறது சித்தி, பெல்ட்டை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு இடுப்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள். டாக்டர் சார், இடுப்புப் பட்டையை அதன் மேல் போடலாமா?

எலும்புவைத்தியர் எழுதியது:

அவருக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் காரில் போகலாம் என்று அனுமதித்த பிறகு, போடலாம். பட்டை வயிற்றின் மேல் ஏறாமல், இரண்டு பக்கமும் இடுப்பெலும்பின் மேடு தட்டுப்படும் இடத்தில், தொடையை ஒட்டித் தாழ்வாக இருக்க வேண்டும். சேலைக் கொசுவம் பட்டைக்கு அடியில் பொதியாகச் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தையல் தழும்பில் உறுத்தினால் பட்டைக்கும் தழும்புக்கும் நடுவே மெல்லிய பருத்தித் துண்டை ஒரே மடிப்பாக வைக்கலாம், தலையணை வேண்டாம். முதல் சில தடவை கிட்ட இருக்கும் இடத்துக்கு மட்டும் கூட்டிப் போங்கள்.